இல்லை என்று அளந்து சொன்ன மகனுக்கு

நீ ஊருக்கு வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஆரம்பிக்கிற அம்மா உலகத்தில் இருப்பாளா என்று உன் அப்பா கேட்டார். இருக்கிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் "ஒண்ணும் கெடைக்கலம்மா" என்று மூன்று முறை சொல்லிவிட்டாய். ஆறு வருஷம் வீணாகிவிட்டது, இன்னும் நாலு மாதத்தில் வேலையும் முடிகிறது, விண்ணப்பம் போட்ட இடங்களில் எல்லாம் இல்லை என்று எழுதிவிட்டார்கள், நான் வந்து பி.எட். படித்து நம் மலையிலேயே ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்துவிடுகிறேன் என்றாய். நான் "அப்பறம் பேசறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். வீட்டில் சிக்னல் கிடையாது. வெளியே பலாமரத்தடிக்குப் போய்த்தான் பேச வேண்டும். அங்கே நின்று நான் சொல்ல நினைத்ததைச் சொன்னால் தெருவே கூடிவிடும். தெரு கூடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்ல வேண்டும், அதற்கு எழுதுவதுதான் எனக்கு வசதி. இதை மறைத்து வைத்துப் படிக்க வேண்டாம். இதில் ஒரு நகல் எடுத்துப் படவேட்டில் இருக்கும் உன் மாமாவுக்கும் கொடுக்கப் போகிறேன்.

வாத்தியார் வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. முப்பது வருஷமாக அங்கன்வாடியில் இருந்துகொண்டு, ஊராரெல்லாம் டீச்சர் டீச்சர் என்று கூப்பிடக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசையாக இருக்கிறது என்று நீ வந்தால் உனக்கு முதல் சாக்பீஸ் நான் வாங்கித் தருவேன். தோற்றுப்போனவன் போய் ஒளிந்துகொள்ளும் இடம் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்காதே. நீ தோற்கவில்லை என்பதை உனக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது பார், அதுதான் எனக்குக் கோபம்.

முதலில் என் பங்குக்கு ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். நீ அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பியபோது புதூர்நாட்டில் ஜீப் நிற்கிற இடத்தில் பேனர் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கோட் போட்ட உன் படம் பெரிதாக. கீழே உன் மாமா கும்பிட்டபடி சிறியதாக. "புதுத் துகளைக் கண்டுபிடிக்க அயல்நாடு செல்லும் எங்கள் மலையின் மைந்தர்" என்று எழுத்து. பேனர் மாமாவுடையது, வாசகம் என்னுடையது. "இருக்கான்னு தேடத்தான் போறேன்மா, கண்டுபுடிக்கப் போறேன்னு எழுதாதீங்க" என்று நீ அன்றைக்கே சொன்னாய். "தேடப் போறான்னு எழுதினா காணாமப் போன மாட்டைத் தேடறாப்பல இருக்கும்டா" என்று சிரித்துவிட்டு நான் எழுதியதுதான் அது. என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாத ஒரு வேலைக்கு, என்ன கிடைக்க வேண்டும் என்று நான் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் குரலில் இருந்த வெட்கத்தில் பாதி நான் அச்சடித்து ஒட்டியது.

போன மாதம் உன் மாமா பேத்திக்குப் படவேட்டுக் கோயிலில் காதுகுத்து. ஜீப்பும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போனேன். மாமா அங்கே கரும்பு நிலம் வாங்கி மலையைவிட்டு இறங்கிப் போனதிலிருந்து பெரிய மனிதராகிவிட்டார். பந்தி நடக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "இன்னாக்கா, உன் புள்ள அந்தத் துகளைப் புடிச்சானா இல்லியா? பேனரு வெச்சவன் நானு. கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"தேடிப் பாத்துட்டான். அவன் தேடின எடத்துல அது இல்லன்னு கண்டுபுடிச்சுட்டான்" என்றேன்.

"இல்லன்னு கண்டுபுடிக்க ஆறு வருசமா? நான் இந்த எலை முன்னால உக்காந்துக்கினே சொல்லியிருப்பேனே, இல்லன்னு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "உன் நெலத்துல மொதல்ல மூணு போர் போட்டியே, தண்ணி வந்துச்சா?" என்றேன்.

"அது இன்னாத்துக்கு இப்போ?"

"வரல இல்ல. நாலாவது போர அந்த மூணு எடத்துலயே போட்டியா?"

"அங்க எவனாச்சும் போடுவானா?"

"ஏன் போட மாட்ட? அங்க தண்ணி இல்லன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. தோண்டினதால தெரிஞ்சுது. எலை முன்னால உக்காந்தா தெரிஞ்சுது?"

முதலில் சிரித்தது காது குத்த வந்திருந்த ஆசாரிதான். அப்புறம் மற்றவர்கள். உன் மாமா பாயச வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். என் இலைக்குப் பாயசம் வரவில்லை. நானே எழுந்து போய் வாங்கிக் குடித்துவிட்டு, காது குத்திய குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டு வந்தேன். உனக்காக நான் போட்ட சண்டை இது. இதைச் சொல்லி உன்னிடம் பெருமை வாங்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நீயே மாமாவின் வார்த்தையை எடுத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறாய்.

உன் வேலை எனக்குப் புரியாது என்று நினைக்காதே. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பூமிக்கு அடியில் வளையமாகச் சுரங்கம். அதில் அணுவின் உள்ளே இருக்கும் புரோட்டான்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோதவைப்பது. மோதிய வேகத்திலிருந்து, முன்பு அங்கே இல்லாத பொருள் புதிதாகப் பிறக்கும் என்றாய். "ரெண்டு ஜீப்பு மோதினா லாரி பொறக்குமாடா?" என்று உன் அப்பா கேட்டார். இருபத்தைந்து வருஷமாக இந்த மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் மனிதர் வேறு எப்படிக் கேட்பார். "வேகம் பத்துச்சுன்னா பொறக்கும்பா" என்று நீ சொன்னதை அவர் இன்றைக்கும் ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப் பிறந்தது கண் இமைக்கும் நேரம்கூட நிற்காமல் உடைந்துவிடும், அதைப் பிடித்துத் தராசில் வைக்க முடியாது, சிதறிய துண்டுகள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போயின என்று அளந்து, கூட்டி, உடைந்தது என்ன எடை என்று கணக்குப் போடுவோம் என்றாய். கோடிக்கணக்கான மோதல்களில் ஒரே எடை திரும்பத் திரும்ப வந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். மேடு எழும்பினால் அங்கே ஒரு துகள் இருக்கிறது. "அப்போ நீயும் எடைதான் போடற" என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். உன் படிப்பு எனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மறுநாள் எடை போடும் நாள். அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாய். "அம்மா, போன மாச எடையப் பாத்துக்கினேதான் இந்த மாச எடைய எழுதுவீங்களா?" ஆமாம், பதிவேட்டில் பக்கத்துக் கட்டத்தில்தானே இருக்கிறது என்றேன். உங்கள் ஆய்வில் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றாய். மேடு வரும் என்று எதிர்பார்க்கிற இடத்தை முதலில் மறைத்து வைத்துவிடுவோம், எந்த மோதலை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை எல்லாம் எழுதி முடித்து எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் மறைப்பை எடுப்போம் என்றாய். "இன்னாத்துக்கு அவ்வளவு பயம், எல்லாம் படிச்சவங்கதானே?" என்று கேட்டதற்கு, "படிச்சவங்களுக்கும் ஆசை இருக்கும்மா. என்ன வரணும்னு ஆசைப்படறோமோ கை அந்தப் பக்கம் சாஞ்சுடும்" என்றாய்.

நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்குப் பதினோரு வயது அப்போது. கீழ்த்தெரு செவந்தாவுக்கு அமுலு என்று ஒரு பெண் குழந்தை. ஒரு வயது தாண்டியிருந்தாள். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது தொங்கு தராசு. விட்டத்தில் மாட்டி, கீழே துணித் தொட்டியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். குழந்தை கை காலை உதைக்கும். முள் மேலும் கீழும் ஆடும். அது அடங்கி நிற்கிற வரைக்கும் காத்திருந்து படிக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருஷம் எங்கள் மையத்தில் எடை குறைந்த குழந்தையே இல்லை என்று கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். வளர்ச்சி அட்டையில் எல்லாப் புள்ளியும் பச்சையில். எடை கொஞ்சம் குறைந்தால் வைக்கும் மஞ்சள் இல்லை, ரொம்பக் குறைந்தால் வைக்கும் சிவப்பும் இல்லை. அந்தக் கைதட்டல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது கண்ணு.

அடுத்த மாதம் அமுலுவைத் தொட்டியில் வைத்தேன். வீறிட்டாள். முள் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் ஆடியது. போன மாதம் ஏழு கிலோ தொள்ளாயிரம். வளர்கிற குழந்தை, எட்டு இருக்கும் என்று எட்டு எழுதினேன். அதற்கடுத்த மாதம் எட்டு கிலோ நூறு. அதற்கடுத்து எட்டு கிலோ இருநூறு. ஒவ்வொரு முறையும் முள் மேலே போன நேரத்தில் படித்தேன். யாரும் எனக்கு அப்படி எழுதச் சொல்லவில்லை. மேலதிகாரி மிரட்டவில்லை. யாருக்கும் தெரியாது. எனக்கே தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதுதான் உண்மை. நாலாவது மாதம் அமுலுவுக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. கண் சொருகிவிட்டது. உன் அப்பா ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செவந்தாவோடு நானும் கூடப் போனேன். அங்கே டாக்டரம்மா எடை போட்டார். ஆறு கிலோ எண்ணூறு.

என் கையெழுத்து இருந்த அட்டையை அவர் தூக்கிப் பிடித்தார். "இத யார் எழுதினது? பத்து நாள் பேதியில இவ்வளவு எடை எறங்காது. இந்தக் கொழந்த மூணு மாசமா எளைச்சுக்கிட்டு இருந்திருக்கு. முன்னாடியே அனுப்பியிருந்தா இந்த நெலமைக்கு வந்திருக்காதே!"

செவந்தா என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன், "எங்க எடை மிஷின் கெட்டுப்போயிருக்கு போல மேடம்."

அமுலு பிழைத்துக்கொண்டாள். மூன்று வாரம் ஆயிற்று. நல்லாயிருந்த தராசை நான் பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். புதுத் தராசு வந்தது. செவந்தா பல வருஷம் என்னிடமே வந்து சொல்வாள், "அந்தப் பாழாப்போன மிஷினால என் புள்ள போய்ச் சேந்திருக்கும் டீச்சர், நீங்க கூட வந்ததால தப்பிச்சா" என்று. நான் தலையாட்டிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நான் முள் நிற்கும்வரை நின்றேன். அது உண்மை. அடுத்த மாதமே எங்கள் மையத்தில் ஆறு குழந்தைகள் சிவப்பு. கூட்டத்தில் மற்ற டீச்சர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன மாதம் ஒன்றும் இல்லாமல் இந்த மாதம் எப்படி ஆறு என்று கேட்டதற்கு, "தராசு காட்டுச்சு, எழுதினேன்" என்று மட்டும் சொன்னேன். செவப்பு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கீழே கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். கைதட்டல் அதோடு போயிற்று. போனால் போகட்டும் என்று இருந்தேன். ஆனால் செவந்தாவிடம் சொல்லவில்லை.

நீ லீவு முடிந்து போன பிறகு, தினசரிக் காலண்டர் அட்டை ஒன்றை வெட்டி, பதிவேட்டில் போன மாதக் கட்டத்தை மறைத்து வைத்துக்கொண்டு எடை போட ஆரம்பித்தேன். இப்போது எண் காட்டும் மின் தராசு, குழந்தை உதைத்தால் அதிலும் எண் ஓடும், போனிலும் பதிய வேண்டும், இருந்தாலும் பதிவேடு இருக்கிறது. அட்டையை எடுத்துப் பார்த்த முதல் மாதமே மூன்று குழந்தைகளின் எடை போன மாதத்தைவிடக் குறைவாக இருந்தது. இத்தனை வருஷம் கவனமாக இருக்கிறேன் என்று நினைத்தவளுடைய கை இன்னமும் கொஞ்சம் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நீ சொல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது. நீ ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்கிறாயே, அந்த மூன்று குழந்தைகளின் அம்மாக்களை நான் போனில் பேச வைக்கட்டுமா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீங்கள் மறைப்பை எடுத்த நாள். உனக்கு மதியம், எனக்குச் சாயங்காலம். பலாமரத்தடியில் நின்று காத்திருந்தேன். உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. மேடு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்பு, தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான் என்றாய். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, உங்கள் குழுவின் மூத்தவர் ஒரு விதியைச் சற்றே நகர்த்திப் பார்க்கலாமே என்று சொன்னதைச் சொன்னாய். நகர்த்தினால் அந்தப் புடைப்பு இன்னும் உயர்ந்து நிற்கும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உன் பெயரைச் சொல்வார்கள். அவர் கெட்டவர் இல்லை, ஏமாற்றச் சொல்லவில்லை, ஆசைப்படுகிறார் என்றாய். "ஆனா வெதியெல்லாம் தொறக்கறதுக்கு முன்னாடி எழுதினதும்மா. தொறந்து பாத்துட்டு மாத்தினா அப்பறம் அது அளவே இல்ல. நான் நகர்த்தல."

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் இருந்த வார்த்தை என்ன தெரியுமா? கொஞ்சம் நகர்த்தித்தான் பாரேன். அதுதான். பேனர், மாமா, உன் வேலை எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன. அமுலுவின் அட்டையில் கூட்டி எழுதிய அதே மனசு. வாயைத் திறந்து "சாப்டியா கண்ணு?" என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டேன் என்றாய், அதோடு முடிந்தது. நீ அன்றைக்கு ஒரு அறை முழுக்கப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில், உன் சோற்றுக்கே ஆபத்து என்று தெரிந்தும், நகர்த்த மாட்டேன் என்று சொன்னவன். நான் ஒரு டாக்டரம்மா முன்னால் ஒரு தராசின் மேல் பழி போட்டவள். உன் மூத்தவரே கடைசியில் உன் பக்கம் கையெழுத்துப் போட்டார் என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதை ஏதோ கொசுறு போலச் சொன்னாய். அதுதானடா விஷயம்.

மறைப்பு எடுத்த அந்த வாரமே நான் செவந்தா வீட்டுக்குப் போனேன். புளி உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"செவந்தா, அமுலு ஆஸ்பத்திரில கெடந்தப்போ மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா டீச்சர், அதுக்கின்னா இப்போ?"

"மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. முள் ஆடியதையும், நான் காத்திருக்காததையும், மூன்று மாதம் கூட்டி எழுதியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சே பண்ணீங்களா?"

"பாக்கணும்னு நெனைக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இருவது வருசம் இன்னாத்துக்கு சொல்லல?"

"பயந்துக்கினு."

"இப்போ மட்டும் இன்னாத்துக்கு வந்தீங்க?"

"என் புள்ள அங்க பொய்யா ஒண்ண ஏத்திக் காட்ட மாட்டேன்னுட்டான். அதுக்கப்பறம் என்னால சும்மா இருக்க முடியல."

உடைத்த புளியை முறத்தில் அள்ளிப் போட்டாள். பிறகு சொன்னாள், "உங்க பாரம் எறங்கறதுக்கு என் வூடுதான் கெடைச்சுதா? போங்க டீச்சர்."

எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னது நியாயம். அன்றிலிருந்து வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். ஊரில் இரண்டு பேர் என்னை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. கொடுக்கட்டும். கூப்பிட்டு விசாரித்தால் உனக்கு எழுதியதை அப்படியே அங்கேயும் சொல்வேன். தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் எடை போடும் நாளில் விடுப்பு எடுக்க மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நடக்கவும் மாட்டேன். உண்மையைச் சொன்னவள் எதற்குக் குனிய வேண்டும்? சொல்லாமல் இருந்த இருபது வருஷம்தான் குனிந்திருக்க வேண்டியது. அப்போது நிமிர்ந்து நடந்தேன், அதுதான் தப்பு.

இதையெல்லாம் உனக்கு அழுகை வரவேண்டும் என்று எழுதவில்லை. மீதி நாலு மாதத்தையும் முழுசாகச் செய் என்று சொல்லவே எழுதுகிறேன். இன்னும் போடாத விண்ணப்பங்களைப் போடு. "இந்த எடையிலிருந்து இந்த எடை வரைக்கும் தேடினேன், அங்கே அது இல்லை" என்று முதல் வரியிலேயே எழுது. அதை அடியில் ஒளித்து வைக்காதே. அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிற இடம் உனக்கும் வேண்டாம். உனக்கு அடுத்து வருகிற ஒருவன் அந்த இடத்தில் தன் ஆறு வருஷத்தைக் கொட்டாமல் வேறு பக்கம் தேடப் போவான். அவனுக்கு உன் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். இருக்கட்டுமே. எல்லாக் கதவும் மூடிவிட்டால் வா. வீடு இருக்கிறது, சாமை விளைகிறது, அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவார். ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். யாராவது என்னடா கண்டுபிடித்தாய் என்று கேட்டால், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வார்த்தையோடு மட்டும் என் வாசலுக்கு வராதே.

நேற்று எடை போடும் நாள். அமுலு வந்தாள். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறது, பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். செவந்தா சொல்லியிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. என்னோடு பேசவில்லை. வேறு மையத்துக்கும் போகவில்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும் குழந்தையைத் தானே தராசில் படுக்க வைத்தாள். நான் குனிவதற்கு முன்னால் அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள். குழந்தை உதைத்தது, எண்கள் ஓடின. நான் பேனாவைத் திறந்ததும் "இருங்க டீச்சர், நிக்கட்டும்" என்றாள். சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து நின்றோம். ஐந்து கிலோ இருநூறில் நின்றது. அவளே சத்தமாகப் படித்தாள். நான் எழுதினேன். அட்டையில் புள்ளி வைத்தேன்.

"மஞ்சளா?" என்று கேட்டாள்.

"மஞ்சள்தான்."

அட்டையை வாங்கி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு எதிரில் இருந்த பாயில் உட்கார்ந்தாள்.

"சரி. இன்னா பண்ணணும், சொல்லுங்க."

அம்மா